நோட்டுப் புத்தகத்தோடு அலைந்த கணித மேதை

திருத்தணியிலிருந்து ஆந்திர எல்லையை நோக்கிப் போனால் பள்ளிப்பட்டு வரும். கடைத்தெருவில் பாதிப் பேச்சு தமிழ், பாதிப் பேச்சு தெலுங்கு. இப்படிப்பட்ட ஓர் ஊரில் ஒரு பையன் இருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்கிலே அவன் சூரன். வாத்தியாருக்கே தெரியாத ஒன்றைக் கண்டுபிடித்து நோட்டில் எழுதி வைத்திருக்கிறான். அது சரியா, தப்பா? புதிதா, முன்பே யாராவது கண்டதா? யாரிடம் கொண்டு போய்க் காட்டுவது? ஊரில் கேட்க ஆள் இல்லை. பட்டணத்தில் பழக்கம் இல்லை.

நூறு ஆண்டுகளுக்கு முன்பு கும்பகோணத்தில் ஓர் இளைஞர் இதே நிலையில் இருந்தார். அவர்தாம் சீனிவாச இராமானுஜன்.

இராமானுஜன் பெரிய கணித மேதை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த மேதை உலகத்துக்குத் தெரிய வருவதற்குள் அவர் எத்தனை வாசல் ஏறி இறங்கினார் என்பது பலருக்குத் தெரியாது. ஏறி இறங்காமல் வீட்டிலேயே இருந்திருந்தால், அவருடைய நோட்டுப் புத்தகம் பழைய பேப்பர்க்காரனிடம் போயிருக்கும்.

கடைக் குமாஸ்தாவின் மகன்

இராமானுஜன் 1887-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ந் தேதி, ஈரோட்டில் தாய்வழிப் பாட்டன் வீட்டில் பிறந்தார். தந்தை சீனிவாச ஐயங்கார் கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதும் குமாஸ்தா. தாயார் கோமளத்தம்மாள் கோயிலில் பஜனைப் பாட்டுப் பாடுவார். சாரங்கபாணி சந்நிதித் தெருவில் சிறிய வீடு. வருமானம் போதாது. கல்லூரி மாணவர்களை வீட்டில் தங்க வைத்துச் சாப்பாடு போட்டார்கள்.

அந்த மாணவர்களிடமிருந்துதான் பெரிய வகுப்புக் கணக்குப் புத்தகங்கள் பையனுக்குக் கிடைத்தன. பதினாறு வயதை எட்டும் சமயத்தில் கார் என்ற ஆங்கிலேயர் தொகுத்த ஒரு தடித்த புத்தகம் கைக்கு வந்தது. சுமார் 5,000 கணித உண்மைகள் அதிலே வரிசையாக இருந்தன. பெரும்பாலானவற்றுக்கு விளக்கம் இல்லை. முடிவு மட்டும்தான். இராமானுஜன் ஒவ்வொன்றையும் தாமே போட்டுப் பார்த்தார். போகிற போக்கில் புதிது புதிதாகத் தாமும் கண்டுபிடித்தார்.

இந்தப் புத்தகம் அவருக்கு நன்மையும் செய்தது, கெடுதலும் செய்தது. கணிதக் கடலில் நீந்தக் கற்றுக் கொடுத்தது நன்மை. முடிவை மட்டும் எழுதினால் போதும் என்ற பழக்கத்தை உண்டாக்கியது கெடுதல். காகிதம் வாங்கக் காசு இல்லாததால் அந்தப் பழக்கம் இன்னும் வலுத்தது. சிலேட்டில் கணக்குப் போடுவார். முழங்கையால் அழிப்பார். விடை வந்ததும் அதை மட்டும் நோட்டில் எழுதுவார். வழி முழுவதும் முழங்கையோடு போய்விடும்.

பரீட்சையில் தோல்வி

1904-ல் டவுன் ஹைஸ்கூலில் கணக்குக்குப் பரிசு வாங்கினார். கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியில் உபகாரச் சம்பளம் கிடைத்தது. ஆனால் மற்றப் பாடங்களை அவர் திரும்பிப் பார்க்கவில்லை. இங்கிலீஷில் தேறவில்லை. உபகாரச் சம்பளம் போயிற்று. சம்பளம் கட்ட வீட்டில் வழியில்லை. அவமானம் தாங்காமல் 1905-ல் வீட்டைவிட்டு விசாகப்பட்டினத்துக்கு ஓடிப்போனார். பெற்றோர் தேடிக் கண்டுபிடித்தார்கள்.

1906-ல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கேயும் கணக்கில் வீரம். உடலியல் பாடத்தில் பூஜ்யத்துக்குப் பக்கம். எஃப்.ஏ. பரீட்சையில் மறுபடியும் தோற்றார். 1907-ல் தனியாக எழுதியும் தேறவில்லை. அத்தோடு படிப்பு முடிந்தது.

1909-ல் ஜானகி என்ற சிறுமியோடு கல்யாணம் நடந்தது. பட்டம் இல்லை, உத்தியோகம் இல்லை, குடும்பம் மட்டும் வந்துவிட்டது. தம்மிடம் உள்ள ஒரே சொத்தாகிய அந்த நோட்டுப் புத்தகங்களை எடுத்துக்கொண்டு இராமானுஜன் புறப்பட்டார்.

திருக்கோயிலூரும் நெல்லூரும்

இந்தியக் கணிதச் சங்கத்தை 1907-ல் தொடங்கியவர் வி. இராமஸ்வாமி ஐயர். அவர் திருக்கோயிலூரில் டிபுடி கலெக்டராக இருந்தார். 1910-ன் கடைசியில் இராமானுஜன் அவரைப் போய்ப் பார்த்தார். கேட்டது ஒரு சாதாரண குமாஸ்தா வேலை. ஐயர் நோட்டைப் புரட்டினார். இந்த மூளையை ரெவினியூ ஆபீஸின் கடைசி நாற்காலியில் உட்கார வைப்பது பாவம் என்று நினைத்தார். வேலை கொடுக்கவில்லை. ஒரு சிபாரிசுக் கடிதம் கொடுத்துச் சென்னையில் பேராசிரியர் சேஷு ஐயரிடம் அனுப்பினார். சேஷு ஐயர் இன்னொரு கடிதம் கொடுத்து நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவிடம் அனுப்பினார்.

கலெக்டரும் கணிதத்தில் ஆசை உள்ளவர். ஆனால் வந்து நின்ற ஆளைப் பார்த்தால் மரியாதை தோன்றவில்லை. குட்டை உருவம், பருத்த உடம்பு, சவரம் செய்யாத முகம், அழுக்கு வேஷ்டி. அக்குளில் ஒரு கிழிந்த நோட்டு. கண்கள் மட்டும் பளபளவென்று ஒளி வீசின.

இராமானுஜன் நோட்டைத் திறந்து மளமளவென்று விளக்க ஆரம்பித்தார். கலெக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. இவர் பேசுவது கணக்கா, பிதற்றலா என்று தீர்மானிக்கவும் முடியவில்லை. இன்னொரு நாள் வரச் சொல்லி அனுப்பிவிட்டார்.

வேறொருவராக இருந்தால், பெரிய மனிதருக்கே புரியவில்லை என்று ஊரெல்லாம் சொல்லி அலுத்துக்கொண்டிருப்பார். இராமானுஜன் அப்படிச் செய்யவில்லை. எதிரே இருப்பவருக்கு எவ்வளவு தெரியும், எவ்வளவு தெரியாது என்பதை முதல் தடவையிலேயே அளந்து வைத்துக்கொண்டார். அடுத்த தடவை போனபோது கடினமானவற்றை ஒதுக்கி வைத்தார். எளிய கணக்குகளை முதலில் காட்டினார். அவையும் எந்தப் புத்தகத்திலும் இல்லாதவை. கலெக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அதன் பிறகு, குழந்தையைக் கைப்பிடித்துப் படி ஏற்றுவதுபோல், ஒவ்வொரு படியாக உயரத்துக்கு அழைத்துப் போனார். கடைசியில் கலெக்டருக்குச் சந்தேகம் போய்விட்டது.

உமக்கு என்ன வேண்டும் என்று அவர் கேட்டார். சாப்பாட்டுக்குக் கவலை இல்லாமல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தால் போதும் என்றார் இராமானுஜன். இவரை முபசல் ஊரில் வாட விடக்கூடாது என்று கலெக்டர் சென்னைக்கே திருப்பி அனுப்பினார். மாதம் 25 ரூபாய் தம் சொந்தப் பணத்திலிருந்து அனுப்பி வந்தார்.

பத்துப் படி எழுதும்

1911-ல் இராமானுஜனின் முதல் கட்டுரை கணிதச் சங்கத்தின் பத்திரிகையில் வந்தது. அது சுலபமாக வந்துவிடவில்லை. ஆசிரியர் நாராயண ஐயங்காருக்குக் கட்டுரையைத் தொடர்ந்து படிப்பதே கஷ்டமாக இருந்தது. திருத்தி எழுதும்படி திருப்பி அனுப்பினார். மூன்று தடவை கட்டுரை போயும் வந்தும் அலைந்தது. இராமானுஜன் கோபித்துக்கொள்ளவில்லை. மூன்று தடவையும் திருத்தி எழுதினார்.

ஒருவர் தயவில் நெடுநாள் சாப்பிட அவருக்கு மனம் ஒப்பவில்லை. 1912 மார்ச் 1-ந் தேதி சென்னைத் துறைமுக ஆபீஸில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். சம்பளம் மாதம் 30 ரூபாய். கணக்குப் போடக் காகிதம் கிடைக்காமல், சரக்குச் சுற்றி வந்த காகிதத்தைத் துறைமுகத்தில் பொறுக்கி எழுதினார் என்று சொல்வார்கள்.

அந்த ஆபீஸில்தான் அவருடைய அதிர்ஷ்டம் இருந்தது. மேலதிகாரி நாராயண ஐயர் கணிதத்தில் எம்.ஏ. பட்டம் பெற்றவர், கணிதச் சங்கத்தின் பொக்கிஷதாரர். இரவு நேரங்களில் திருவல்லிக்கேணியில் ஐயர் வீட்டில் இருவரும் ஆளுக்கொரு சிலேட்டோடு உட்கார்ந்துவிடுவார்கள். இராமானுஜன் ஒரு வரி எழுதுவார். அடுத்த வரி எங்கேயோ போய் நிற்கும். நடுவில் என்ன நடந்தது என்பது ஐயருக்குத் தெரியாது.

ஐயர் விடவில்லை. எனக்கே இது விளங்கவில்லையென்றால் மற்றவர்களுக்கு எப்படி விளங்கும், நீர் என் அளவுக்கு இறங்கி வந்து இரண்டு வரிக்கு நடுவே பத்துப் படியாவது எழுத வேண்டும் என்று பிடிவாதம் செய்தார். இராமானுஜனுக்கு அது வீண் வேலையாகத் தோன்றியது. வெளிச்சமாய்த் தெரிவதை ஏன் எழுத வேண்டும்? ஆனாலும் ஐயர் சொல்லைத் தட்டாமல் எழுதிப் பழகினார். பிறருக்குப் புரியும்படி எழுதுவதைக் கற்றுக் கொடுத்தவர்களில் ஐயருக்குத்தான் முதலிடம் கொடுக்க வேண்டும். அவர் பெயர் வெளியே அவ்வளவாகத் தெரியாமல் போனது நியாயமல்ல.

சீமைக்குக் கடிதம்

இந்தியாவில் இராமானுஜனின் கணக்கைச் சரிபார்க்கக்கூடியவர்கள் அநேகமாக இல்லை. அதனால் சீமைக்கு எழுதிப் பார்ப்பது என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். சென்னை எஞ்சினீயரிங் கல்லூரிப் பேராசிரியர் கிரிபித் என்ற துரை 1912-ல் லண்டனில் இருந்த பேராசிரியர் ஹில்லுக்கு எழுதினார். பதில் பாதி இனிப்பு, பாதி கசப்பு. இவருக்குக் கணிதத் திறமை உண்டு, ஆனால் முடிவில்லாத தொடர்களில் சறுக்கி விழுந்திருக்கிறார், இன்ன புத்தகத்தைப் படிக்கட்டும், எழுத்தில் தெளிவு வேண்டும் என்று வந்தது. கேம்பிரிட்ஜில் வேறு இரண்டு பெரிய கணித அறிஞர்களுக்கும் கடிதம் போயிற்று. அவர்கள் உதவவில்லை.

மூன்று கதவும் திறக்கவில்லை. 1913 ஜனவரி 16-ந் தேதி இராமானுஜன் நாலாவது கதவைத் தட்டினார். கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் இருந்த ஹார்டிக்கு எழுதினார். ஹார்டிக்கு அப்போது 35 வயது.

அந்தக் கடிதம் எழுதப்பட்ட விதத்தைக் கவனிக்க வேண்டும். தாம் துறைமுகக் குமாஸ்தா என்பதையும், வருஷத்துக்கு 20 பவுன் சம்பளம் என்பதையும், சர்வகலாசாலைப் படிப்பு இல்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிட்டார். மறைக்கவில்லை. வயது மட்டும் சுமார் 23 என்று எழுதினார். உண்மையில் 25 ஆகியிருந்தது! அடுத்தபடி, ஹார்டியின் புத்தகம் ஒன்றில் 36-ஆம் பக்கத்தைக் குறிப்பிட்டார். 2, 3, 5, 7, 11 போன்ற பகா எண்கள் ஒரு குறிப்பிட்ட எண்ணுக்குள் எத்தனை இருக்கும் என்பதற்குத் திட்டமான விடை இன்னும் யாரும் காணவில்லை என்று ஹார்டி அதிலே எழுதியிருந்தார். அந்த விடையைத் தாம் நெருங்கிவிட்டதாக இராமானுஜன் எழுதினார். தம் புத்தகத்தைப் படித்துவிட்டு ஒருவன் எழுதினால் எந்த ஆசிரியர்தான் கடிதத்தைக் கீழே போடுவார்? கூடவே நூற்றுக்கு மேற்பட்ட கணித முடிவுகளை இணைத்திருந்தார்.

முதலில் ஹார்டி இது ஏதோ மோசடி என்று நினைத்தார். ஆனால் மனம் அதையே சுற்றியது. இரவு நண்பர் லிட்டில்வுட்டைக் கூட்டிக்கொண்டு உட்கார்ந்தார். இருவரும் தாள் தாளாகப் பார்த்தார்கள். நள்ளிரவுக்குள் அவர்களுக்குத் தெரிந்துவிட்டது: கடிதம் எழுதியவர் முதல்தரமான மேதை.

பிப்ரவரி 8-ந் தேதி ஹார்டி பதில் எழுதினார். சில முடிவுகள் ஏற்கெனவே தெரிந்தவை, சில புதியவை, சில மிக முக்கியமானவை என்று பிரித்துச் சொன்னார். நிரூபணங்களை அனுப்பும்படி வற்புறுத்தினார். பகா எண்களைப் பற்றிய விடை தப்பு என்பது பிறகு தெரிந்தது. அதனால் நட்பு கெடவில்லை. தம் முறைகளை எழுத இராமானுஜன் தயங்கியபோது, களவு போய்விடும் என்று பயப்படுகிறாரோ என்ற சந்தேகம் அங்கே எழுந்தது. இராமானுஜன் மனம் நொந்தார். ஆனால் ஒளிக்காமல் பதில் எழுதினார். எட்டு வருஷமாக இந்த முறையைக் கையில் வைத்துக்கொண்டு மதிப்பவர் யாருமில்லாமல் அலைந்தேன், இப்போது ஒரு நண்பர் கிடைத்தபின் எதையும் மறைக்க மாட்டேன் என்ற கருத்தில் எழுதினார். கேட்க வேண்டியதையும் கேட்டார். அரைப் பட்டினி கிடக்கும் நிலையைச் சொல்லி, உபகாரச் சம்பளம் கிடைக்க உங்கள் கடிதம் உதவும் என்று முன்பே வெளிப்படையாக எழுதியிருந்தார்.

கடிதம் உதவியது. பரீட்சையில் தேறாத அந்த இளைஞருக்குச் சென்னைச் சர்வகலாசாலை 1913 மே 1 முதல் மாதம் 75 ரூபாய் கொடுத்தது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஆராய்ச்சி அறிக்கை தர வேண்டும் என்பது நிபந்தனை.

கடல் கடந்த வாழ்க்கை

கடல் தாண்டினால் ஜாதியைவிட்டுத் தள்ளும் காலம் அது. தாயார் முதலில் சம்மதிக்கவில்லை. பிறகு, குலதெய்வமாகிய நாமகிரித் தாயார் கனவில் உத்தரவு கொடுத்ததாகச் சொல்லிச் சம்மதித்தார். 1914 மார்ச் 17-ல் இராமானுஜன் கப்பல் ஏறினார். குடுமியை எடுத்துக் கிராப்பு வைத்துக்கொண்டார். கிடைத்த பணத்தில் மாதம் 60 ரூபாய் பெற்றோருக்குப் போகும்படி ஏற்பாடு செய்துவிட்டே போனார்.

கேம்பிரிட்ஜில் ஹார்டிக்கு ஒரு தர்மசங்கடம். இராமானுஜனுக்கு நவீனக் கணிதத்தில் பல பகுதிகள் தெரியாது. நிரூபணம் என்றால் என்ன என்பதே சரியாகத் தெரியாது. சொல்லிக் கொடுக்காமலும் இருக்க முடியாது. அதட்டிச் சொல்லிக் கொடுத்தால் அந்த அபூர்வமான தன்னம்பிக்கை உடைந்துவிடும். ஹார்டி மெதுவாக, இடம் பார்த்துக் கற்றுக் கொடுத்தார். தாம் கற்பித்ததைவிட அவரிடம் கற்றதே அதிகம் என்றும் பின்னாளில் ஒப்புக்கொண்டார்.

இருவரும் சேர்ந்து செய்த வேலைக்கு ஓர் உதாரணம் பார்க்கலாம். 4 என்ற எண்ணை எத்தனை விதமாகப் பிரிக்கலாம்? 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1. ஆக, 5 விதம். 200 என்ற எண்ணை? 39,72,99,90,29,388 விதம்! ஏறக்குறைய 4 லட்சம் கோடி. இதை ஒவ்வொன்றாக எழுதி எண்ண ஒரு ஆயுள் போதாது. இந்தத் தொகையைக் கண்டுபிடிக்க இருவரும் 1918-ல் ஒரு சூத்திரம் வெளியிட்டார்கள். இராமானுஜனின் ஊகமும் ஹார்டியின் நிரூபணமும் சேர்ந்து பிறந்த சூத்திரம் அது.

1916-ல் கேம்பிரிட்ஜ் பட்டம் கொடுத்தது. 1918-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். அந்தப் பெருமை பெற்ற இரண்டாவது இந்தியர். அதே ஆண்டில் டிரினிட்டி கல்லூரியின் பெல்லோ ஆனார். இந்தியரில் அவரே முதல்வர்.

தமக்காகக் கேட்காதவர்

கணக்குக்காக எத்தனையோ கதவுகளைத் தட்டிய மனிதர், தம் உடம்புக்காக ஒரு கதவையும் தட்டவில்லை. அங்கே படித்துக்கொண்டிருந்த மஹலநோபிஸ் என்ற வங்காள இளைஞர் ஒரு நாள் அவர் அறைக்குப் போனார். இரவில் குளிர் தாங்கவில்லை, மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு படுக்கிறேன் என்றார் இராமானுஜன். படுக்கையைப் பார்த்தால் கம்பளிகள் நிறைய இருக்கின்றன! அவற்றைக் கட்டில் ஓரத்தில் செருகி விரித்திருந்தார்கள். உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது இராமானுஜனுக்குத் தெரியவில்லை. விரிப்பின் மேலேயே படுத்து நடுங்கியிருக்கிறார். யாரையும் கேட்கவுமில்லை.

சுத்த சைவமாகையால் சமையல் அவர் கையால்தான். யுத்த காலத்தில் காய்கறி கிடைப்பது அரிது. நேரந்தவறிச் சாப்பிட்டார், சில நாள் சாப்பிடவேயில்லை. ஒரு தடவை நண்பர்களை விருந்துக்கு அழைத்து ரசம் பரிமாறினார். மூன்றாம் தடவை பரிமாற வந்தபோது விருந்தினர் போதும் என்றார்கள். அது அவமதிப்பாகப் பட்டது. ஒரு வார்த்தை சொல்லாமல் வெளியேறினார். ஆக்ஸ்போர்டுக்கே போய்விட்டார், சில நாள் கழித்துத்தான் தந்தி வந்தது. வீட்டிலிருந்து மனைவியின் கடிதங்களும் வரவில்லை. மாமியார் அவற்றைத் தடுத்துவிட்டார் என்பது பிறகு தெரிந்தது. தினமும் அருகில் இருந்த ஹார்டியோ கணக்கைத் தவிர வேறு அதிகம் பேசாதவர்.

1917-ல் படுத்தவர் முழுதாக எழுந்திருக்கவேயில்லை. காசநோய் என்று வைத்தியம் செய்தார்கள். கல்லீரலை அமீபாக் கிருமி தாக்கிய நோயாக இருந்திருக்கலாம் என்று பிற்கால ஆராய்ச்சி சொல்கிறது. அப்படியானால் அக்காலத்திலேயே குணமாக்க வழி இருந்தது என்பதை நினைக்கும்போது நெஞ்சு வலிக்கிறது.

ஏழைப் பிள்ளைகளின் சம்பளம்

சென்னைச் சர்வகலாசாலை அவருக்கு வருஷம் 250 பவுன் கொடுக்க முன்வந்தது. 1919 ஜனவரி 11-ல் நோய்ப் படுக்கையிலிருந்து இராமானுஜன் நன்றி தெரிவித்து எழுதினார். இது தமக்கு மிக அதிகம் என்றார். பெற்றோருக்கு வருஷம் 50 பவுன் கொடுத்து, தம் அவசியச் செலவும் போக மீதியை ஏழைப் பிள்ளைகளுக்கும் அநாதைகளுக்கும் பள்ளிச் சம்பளம் கட்டவும், புத்தகம் வாங்கவும் செலவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். சம்பளம் கட்ட முடியாமல் ஓடிப்போன பையனின் கடிதம் அது.

1919 மார்ச்சில் தாய்நாடு திரும்பினார். எலும்பும் தோலுமாக வந்தார். ஜானகி இரவும் பகலும் பக்கத்திலிருந்து ஒத்தடம் கொடுத்தார். கேட்டபோதெல்லாம் காகிதம் எடுத்துக் கொடுத்தார். 1920 ஜனவரி 12-ல் ஹார்டிக்குக் கடைசிக் கடிதம் போயிற்று. அதிலும் புதிய கண்டுபிடிப்பு இருந்தது. ஏப்ரல் 26-ந் தேதி சென்னைச் சேத்துப்பட்டில் உயிர் பிரிந்தது. வயது 32.

அவர் கடைசி ஆண்டில் எழுதிய தாள்கள் சென்னையிலிருந்து கேம்பிரிட்ஜுக்குப் போயின. டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் கவனிப்பாரற்றுக் கிடந்தன. 1976-ல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர் அவற்றைக் கண்டெடுத்தார். நூற்றுக்கு மேற்பட்ட பக்கங்கள். அதற்குச் சற்றுப் பின்னர் புரூஸ் பெர்ண்ட் என்ற மற்றொரு அமெரிக்கர், பழைய நோட்டுப் புத்தகங்களை வரி வரியாக எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். மூன்றாயிரத்துக்கு மேற்பட்ட முடிவுகள். வழி எழுதாத முடிவுகள். இராமானுஜன் தாண்டிப் போன படிகளை ஒவ்வொன்றாக எழுதி நிரப்பி, 1985 முதல் 1998 வரை ஐந்து பெரிய புத்தகங்களாக வெளியிட்டார்.